இரண்டாம் எக்ஸ்ரேயில் அரைஞாண் இல்லை

எலும்புக்கு மாலை போடும் வழக்கம் புதுச்சேரியில் அதுவரை இருந்ததில்லை. டாக்டர் சக்கரபாணி அன்று காலை அதைத் தொடங்கி வைத்தார்.

கடற்கரைச் சாலைப் பக்கம் ஓர் ஓட்டலின் மாடி அரங்கு. மேடையில் ஆள் உயரத்துக்கு இரண்டு எக்ஸ்ரே படங்கள், முதுகில் விளக்கோடு, பெண்ணும் மாப்பிள்ளையும் போல ஜோடியாக நின்றன. இரண்டிலும் இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஒரே ஆளின் வலது தொடை என்று கீழே எழுதியிருந்தது. முதல் படத்தில் முறிந்த எலும்பின் மேல் ஒரு தகடும், வரிசையாகத் திருகாணிகளும். இரண்டாவது படத்தில் தகடு இல்லை, திருகாணி இல்லை, முறிவும் இல்லை. சம்பங்கி மாலை இரண்டாவதுக்குத்தான்.

"இரும்புத் தகடு வைத்தால் அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டும். எங்கள் மக்னீசியத் தகடோ, எலும்பு கூடும்வரை காவல் நிற்கும். பிறகு நன்றிகூட எதிர்பாராமல் உடம்புக்குள்ளேயே கரைந்து போகும்!" என்றார் டாக்டர். சற்று நிறுத்தினார். கைதட்டல் வரவில்லை. "கரைந்து போகும்!" என்று இன்னொரு முறை கரைத்தார். வந்தது.

மேடையில் ஒரு வெள்ளைக்காரரும் உட்கார்ந்திருந்தார். டாக்டர் வாக்கியத்துக்கு ஒரு முறை அவர் பக்கம் திரும்பி "மெர்சி, முசியே" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். அவரும் தலையாட்டினார்.

கடைசி வரிசையில் கொளஞ்சி, ஷாஜாதியின் காதருகே குனிந்தான்.

"யக்கா, அந்த தொரைய விசாரிச்சிட்டேன். விஞ்ஞானியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கீழ ரூம் போட்டுத் தங்கியிருக்காரு. தோச சாப்புட வந்தவர கையப் புடிச்சி மேல இட்டாந்துட்டாங்க. இன்னும் தோச வரும்னு நம்பிக்கையா உக்காந்திருக்காரு."

"நீ படத்தைப் பாருடா."

"பாக்கறேன். படத்துக்கு மாலை போட்டா எங்க ஊர்ல வேற அர்த்தம்."

ஷாஜாதி சிரிக்கவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் பல வருஷம் பொய்க் க்ளெய்ம் பிடித்துப் பிடித்து, சிரிப்புக்கும் ஆதாரம் கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. இப்போது முல்லா வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறார். கொளஞ்சி அங்கே உதவியாளன், டிரைவர், காபி வாங்கி வருபவன். பேசச் சொல்லி யாரும் அவனுக்குச் சம்பளம் தரவில்லை. அது இலவச இணைப்பு.

அவர்களுக்கு நடுவில், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் பாக்கியலட்சுமி. அரியாங்குப்பத்துக்காரி. அவளுடைய புருஷன் அரிகிருஷ்ணனின் தொடைக்குத்தான் மேடையில் மரியாதை நடந்துகொண்டிருந்தது. அரிகிருஷ்ணனைத்தான் காணவில்லை.

பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவன். லாரி மேலிருந்து விழுந்து தொடை முறிந்தது. காலாப்பட்டுப் பக்கம் டாக்டர் நடத்தும் ஆய்வு மையம், செலவில்லாமல் தகடு வைத்து வீட்டுக்கு அனுப்பியது. ஒரு வருஷத்துக்கு மேல் மாதாமாதம் பஸ் ஏறிப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தான். கால் தேறியது. முகம் வீங்கியது, நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. இந்தத் தை மாசம், படுக்க வைத்துப் பார்த்து அனுப்புகிறோம் என்று மையத்தில் சேர்த்துக்கொண்டார்கள். மறுநாள் சோற்றுத் தூக்கோடு போன பாக்கியலட்சுமியிடம் கேட்டிலேயே, "நேத்தே டிஸ்சார்ஜ் ஆயிட்டாரே" என்றார்கள். வீட்டுக்கு அவன் வரவில்லை.

கேரளாவுக்குப் போயிருப்பான் என்றது போலீஸ். கேரளாவைக் காட்டிவிட்டால் போலீசுக்கு வேலை மிச்சம். மாமியார் ராஜாம்பாள், என் பிள்ளை ஓடும்படி இவள் என்ன செய்தாளோ என்றாள். அன்றிலிருந்து மருமகள் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கியதில்லை. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு.

போன வாரம் பாக்கியலட்சுமி மறுபடி மையத்துக்குப் போய் நின்றபோது ஒரு புதுச் சேதி சொன்னார்கள். அவன் இந்த ஜூன் மாசம் தானே நடந்து வந்து கடைசிப் படம் எடுத்துக்கொண்டு போனானாம். விழாவில் வைக்கப்போவது அந்தப் படம்தானாம். அங்கிருந்து நேராக ஷாஜாதியிடம் வந்துவிட்டாள்.

"என்னை வேணாம்னு போயிருந்தாக்கூட பரவால்லக்கா. அவரு இருக்காரா, இல்லியா? அத மட்டும் கண்டுபுடிச்சி சொல்லுங்க."

அதற்காகத்தான் மூவரும் எலும்பைப் பார்க்க வந்திருந்தார்கள்.

பாக்கியலட்சுமி திடீரென்று எழுந்தாள்.

"சாவி! எங்க வூட்டுப் பெட்டிச் சாவி!"

அரங்கில் பல பேர் தங்கள் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். அவள் கை முதல் படத்தின் உச்சியைக் காட்டியது. இடுப்புக்குக் குறுக்கே, வெள்ளை மணி கோத்த மாதிரி ஒரு கோடு. வெள்ளி அரைஞாண். அதிலிருந்து ஒரு சாவி தொங்கியது. எக்ஸ்ரேயில் எலும்பைவிட அது பளிச்சென்று இருந்தது.

"கல்யாணத்துல எங்க அப்பா போட்ட அரணாக்கொடி. சாவிய அதுலயே கோத்து வெச்சிருந்தாரு. அவருதான்க்கா, அவரேதான்!"

ஷாஜாதி இரண்டாவது படத்தின் உச்சியைப் பார்த்தார். அங்கே இடுப்பு எலும்பு இருந்தது. கோடு இல்லை. சாவி இல்லை.

காபி இடைவேளையில் டாக்டரைப் பிடிக்க வரிசை இருந்தது. ஷாஜாதி வரிசையில் நிற்காமல் படத்தின் பக்கத்தில் போய் நின்றார். டாக்டரே வந்தார்.

"அற்புதமாக இருக்கிறதல்லவா?"

"முதல் படத்துல கொடி இருக்கு. ரெண்டாவதுல இல்லையே டாக்டர்?"

"அம்மா, எல்லோரும் எலும்பைப் பார்க்கிறார்கள். நீங்கள் நகையைப் பார்க்கிறீர்கள்."

"பழைய வேலையோட தோஷம். இன்சூரன்ஸ்ல எலும்பு காணாமப் போறது குறைச்சல்."

"படம் எடுக்கும்போது கழற்றியிருப்பார்."

"முதல் தடவை கழட்டலையே?"

"மறுத்துவிட்டார்! ஆபரேஷன் மேசையில்கூட விடவில்லை. கொடியைத் தொட்டால் எழுந்து போய்விடுவேன் என்றார். கடைசியில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி வைத்தோம். என்ன செய்ய? படிக்காதவர்கள். அப்புறம் எங்கள் மையத்தின் விழிப்புணர்வு வகுப்புகளால் திருந்தியிருப்பார்."

"உங்க வகுப்பு தகட்டையும் கரைக்குது, பழக்கத்தையும் கரைக்குதா டாக்டர்?" என்றான் கொளஞ்சி.

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு டாக்டர், "மெர்சி" என்று நகர்ந்தார்.

வெளியே, ஓட்டல் மதிலோரம் டீக்காரர் நிழலில் மூவரும் ஒதுங்கினார்கள்.

"கொளஞ்சி, நீ கொடி கட்டியிருக்கியா?"

அவன் சட்டையைத் தூக்கினான். கறுப்புக் கயிறு, அதில் ஒரு ஊக்கு, ஒரு தாயத்து, டி.வி.எஸ். ஐம்பதின் சாவி. "இது இடுப்பு இல்லக்கா. ஆபீஸ்."

"எப்பவாவது கழட்டுவியா?"

"எனக்குக் குடல்வால் ஆபரேஷன் பண்ணப்ப நர்சம்மா கத்திரிக்கோலோட வந்துச்சி. வவுத்த கிழிங்க, கயித்துல கை வெக்காதீங்கன்னு சொல்லிட்டேன். கயிறு இத்துப்போனா புதுசு கட்டிட்டுத்தான் பழச எடுப்போம். நாங்களா கழட்டவே மாட்டோம்."

ஷாஜாதி டீயை ஒரே மூச்சில் குடித்தார். கணக்கு முடிந்துவிட்டது. ஆபரேஷனிலேயே கொடியை விடாதவன், படம் எடுக்கக் கழற்ற மாட்டான். ஆகவே இரண்டாவது படம் அவன் இல்லை. கால் முறியாத எவனோ ஒருவனின் தொடையை எடுத்து மாட்டி, தகடு கரைந்தது என்று மாலை போட்டுவிட்டார் டாக்டர். இப்படி எத்தனை க்ளெய்ம் ஷாஜாதி பார்த்திருக்கிறார்! எரிந்த லாரி என்று பக்கத்து வீட்டு லாரியைப் படம் எடுத்தவர்கள் உண்டு.

அதையே பாக்கியலட்சுமியிடமும் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப ஆனியில அவரு வரலியா?"

ஷாஜாதிக்கு டீ கசந்தது. டாக்டரைப் பிடித்த சந்தோஷத்தில், இவள் வைத்திருந்த ஒரே நல்ல சேதியைத் தட்டிவிட்டோம் என்பது அதுவரை தோன்றவில்லை.

"வந்தாருன்னாங்களே. நடந்து வந்தாருன்னாங்களேக்கா. ஒரு வாரமா அத வெச்சிக்கிட்டுத்தான தூங்கறேன்."

"இரு பாக்கியம். அவர் தொடையில வேற எதாவது அடையாளம் உண்டா? மச்சம், தழும்பு?"

"எக்ஸ்ரேயில மச்சம் தெரியறதா இருந்தா நான் எப்பவோ டாக்டர் ஆயிருப்பேன்" என்று கொளஞ்சி முணுமுணுத்தான்.

பாக்கியலட்சுமி மூக்கைச் சிந்தினாள். "வெளிய ஒண்ணும் இல்ல. உள்ளதான் இருக்குது."

"உள்ளயா?"

"குண்டு. சின்னதுல ஆத்தோரம் கொக்கு சுடறேன்னு அவரு சேக்காளி ஏர்கன்ன தூக்கிக்கினு போயிருக்கான். கொக்கு பறந்துடிச்சி. குண்டு இவரு தொடையில. அப்பா அடிப்பாருன்னு ரெண்டு பேரும் வூட்ல சொல்லவே இல்ல. அது உள்ளயே தங்கிடிச்சி. எங்க மாமியாருக்கே தெரியாது. கல்யாணம் ஆன பொறவு என் கைய புடிச்சி வெச்சிக் காட்டினாரு, மிளகு மாதிரி உருளும்." அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கொக்கு எங்க இருந்துது, இவரு எங்க இருந்தாருன்னு கேட்டா, கொக்கு பக்கத்துலதான் நின்னேன், பாவமா இருந்துது, தொரத்திவுடலாம்னு போனேன்றாரு."

ஷாஜாதி ஏற்கெனவே படியேறிக்கொண்டிருந்தார்.

அரங்கில் மையத்து இளைஞன் ஒருவன் கைக்குட்டையால் இரண்டாவது படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். நடுத்தொடையில், எலும்புக்கு வெளியே, சதையின் சாம்பல் நிறத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி.

"தூசு மேடம். போகவே மாட்டேங்குது. முதல் படத்திலயும் இதே இடத்துல இருந்துது."

"விடு தம்பி. அது போகாது."

இரண்டு படத்திலும் ஒரே புள்ளி, ஒரே இடம், மிளகளவு. உலகத்தில் வேறு எவன் தொடையிலும் அந்தக் கொக்கின் குண்டு இருக்க வழியில்லை. ஷாஜாதி மனசுக்குள் தன் முந்தைய கணக்கைக் கிழித்துப் போட்டார். அது அவன்தான். டாக்டர் படத்தை மாற்றவில்லை. எலும்பு கூடியிருந்தது, தகடு கரைந்திருந்தது, படத்தின் மூலையில் ஜூன் மாசத் தேதி இருந்தது.

"பாக்கியம், நான் சொன்னது தப்பு. இது அவர்தான்."

அவள் படத்தின் அருகே போய் அந்தப் புள்ளி மேல் விரலை வைத்தாள். வெகு நேரம் எடுக்கவில்லை. பிறகு படத்துக்குப் போட்டிருந்த மாலையை, யாரும் கேட்காமலே, சரியாக இழுத்து நேராக்கிவிட்டாள்.

ஓட்டல் வாசலில் பூக்காரியிடம் இரண்டு முழம் கனகாம்பரம் வாங்கி அங்கேயே தலையில் வைத்துக்கொண்டாள். தை மாசத்துக்கு அப்புறம் முதல் பூ என்று அவளே சொன்னாள்.

"நான் முன்னாடி போறேங்க்கா. அத்தகிட்ட சொல்லணும். உங்க புள்ள இருக்காருன்னு சொல்லணும். பொழுது சாய ரெண்டு பேரும் வூட்டுக்கு வரணும், சாப்புட்டுத்தான் போவணும். அண்ணே, அக்காவ கூட்டியாந்துடு. ஏமாத்தப்புடாது."

அரியாங்குப்பம் பஸ் வந்தது. ஏறி, ஜன்னலில் கையை ஆட்டினாள். பஸ் மறையும் வரை ஆட்டினாள்.

ஷாஜாதி கடற்கரைச் சுவரில் உட்கார்ந்தார். வெயில் நடு மண்டையில் இருந்தும் அவருக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

"பாத்தியாடா? ஊரே எலும்பைப் பாத்துது. நான் தூசியைப் பாத்தேன். துப்பறியறதுன்னா இதான். இனி ஆளைத் தேடறது சின்ன வேலை. இருக்கறவனைத் தேடலாம்."

கொளஞ்சி பேசாமல் இருப்பது, அலை வராமல் இருப்பது மாதிரி. ஷாஜாதி திரும்பிப் பார்த்தார். அவன் தன் இடுப்பைச் சட்டை மேலேயே தடவிக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"யக்கா, ஆளு அவருதான்னா, கொடி எங்க?"

"கழட்டியிருப்பான். நடுவுல வித்திருப்பான். வெள்ளிதானே?"

"வித்தா கறுப்புக் கயிறு கட்டிட்டு அதுல சாவியக் கோத்திருப்பாரு. சாவி தெரியணும் இல்ல? எக்ஸ்ரேயில இடுப்பு மொட்டையா இருக்குதே." எச்சில் விழுங்கினான். "நாங்களா கழட்ட மாட்டோம்னு சொன்னேன் இல்லக்கா. மத்தவங்க கழட்டுவாங்க. ஒரு தடவ. எங்க அப்பாவுக்கு நான்தான் அறுத்தேன்."

"எப்ப?"

"கடைசியா குளிப்பாட்டறப்ப."

சுவருக்குக் கீழே கடல் பாறைகளில் மோதியது. ஷாஜாதி எழுந்திருக்கவில்லை. தூசியைப் பார்த்த கண், அதற்கு ஒரு சாண் மேலே இல்லாததைப் பார்க்கவில்லை. காலையில் அதே கண் பார்த்தது; ஆனால் பார்த்ததைத் தப்பான கணக்கில் செலவழித்துவிட்டது.

இருவரும் திரும்பியபோது அரங்கில் ஆட்கள் கலைந்திருந்தார்கள். வெள்ளைக்காரர் கடைசியில் தோசை கிடைத்து மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மையத்து ஊழியர் கலியபெருமாள் விளக்குப் பெட்டிகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். ஐம்பது வயசு இருக்கும், காக்கிச் சட்டை. கொளஞ்சி சுற்றி வளைக்கவில்லை; குருட்டாம்போக்கில் ஒரு கல்லை எறிந்தான்.

"அண்ணே, இந்த ஆளு கொடிய அறுத்தது நீதான?"

கலியபெருமாள் நிமிர்ந்தார். குற்றம் சொல்ல வந்திருக்கிறார்கள் என்றுதான் அவருக்குப் பட்டது. ஆனால் எந்தக் குற்றம் என்பதில்தான் குழப்பம்.

"பின்ன? பொணத்த கொடியோடவா அனுப்புவாங்க? வார்டுல வேற யாருக்கும் அந்த நெனப்பு இல்ல. நான்தான் வாயில ரெண்டு சொட்டு தண்ணி வுட்டு, மேல தொடச்சி, கொடிய அறுத்தேன். மொறயாத்தான் செஞ்சேன். அப்பதான் டாக்டரு ஓடியாந்தாரு. ஸ்ட்ரெச்சர எக்ஸ்ரே ரூமுக்குத் தள்ளுன்னாரு. செத்தவனுக்கு எதுக்கு சார் எக்ஸ்ரேன்னு கேட்டேன். 'ஆளுதான்யா செத்தான், எலும்பு சாவல'ன்னாரு."

"கொடி?"

"சுடுகாட்டு ஆளுக்குப் போயிடும். அதான வழக்கம்."

"உடம்பு?" என்றார் ஷாஜாதி.

"கேக்க ஆளு இல்லன்னு எழுதி எரிச்சாச்சும்மா."

"ஆளு இல்லையா? சேத்த மறுநாளே பொண்டாட்டி சோறு எடுத்துக்கிட்டு உங்க கேட்டுல வந்து நின்னாளே!"

கலியபெருமாள் சாக்கைக் கீழே விட்டார். "மறுநாளா?" என்றார். "மறுநாள் அவரு இருந்தாரே. அதுக்கப்புறமும் சில நாள் இருந்தாரு. பொண்டாட்டிய வரச்சொல்லு, வரச்சொல்லுன்னு கையப் புடிச்சிக்குவாரு. நான் டாக்டர்கிட்ட சொன்னேன். சேதி சொல்லியாச்சு, அவங்க வரலன்னாரு. நான் அந்தப் பொம்பளயத் திட்டினேனேம்மா."

"இதை வெளியில சொல்லுவீங்களா?"

அவர் கையில் இருந்த சாக்கு நூலைத் திருகினார். "யார்கிட்ட? டாக்டரு இங்க எந்தெந்தப் பெரிய மனுசங்களுக்கெல்லாம் கை குடுத்தாருன்னு காலையில பாத்தீங்க இல்ல?" பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். படியில் ஒரு முறை நின்றார், திரும்பவில்லை.

டாக்டர் சக்கரபாணி கீழே காரில் மாலைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஷாஜாதி சொன்னதைக் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். சொற்பொழிவு செய்கிறவர்களுக்கு அடுத்தவர் பேசும்போது ஓய்வு.

"ஒரு பேச்சுக்கு, நீங்கள் சொல்வது அப்படியே என்று வைத்துக்கொள்வோம். அவர் போனது சிறுநீரகத்தால். என் ஆய்வு எலும்பைப் பற்றியது."

"சிறுநீரகம் எதால போச்சு? கரைஞ்சதெல்லாம் எங்க போச்சு?"

"அது வேறொரு ஆய்வு. அதற்கு யாரும் பணம் தரவில்லை."

"வீட்டுக்காரியை ஏன் திருப்பி அனுப்பினீங்க?"

"உள்ளே விட்டால் உடனே வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவார்கள். அங்கே திறந்து பார்ப்பார்கள். 'இறந்தார்' என்று ஒன்று பதிவானால் ஆய்வு நிற்கும். 'ஊரைவிட்டுப் போனார்' என்றால் நிற்காது. எத்தனை ஆயிரம் எலும்புகள் காத்திருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியுமா? எல்லாம் ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன்." கார்க் கதவைத் திறந்தார். "சரி, எதை வைத்து நிரூபிப்பீர்கள்? உடல் இல்லை. படத்தில் ஜூன் மாதத் தேதி இருக்கிறது. தகடு..." அவர் முகத்தில் உண்மையான பெருமிதம் வந்தது. "தகடுதான் கரைந்துவிட்டதே. அம்மா, அதுதானே கண்டுபிடிப்பு!"

கார் போனது.

அரியாங்குப்பம் பாலத்தில் டி.வி.எஸ். ஐம்பது முக்கிக்கொண்டு போயிற்று. பின்னால் உட்கார்ந்திருந்த ஷாஜாதி, சொல்ல வேண்டிய வாக்கியத்தைப் பல விதமாகப் போட்டுப் பார்த்தார். போலீசுக்குச் சொல்வது சுலபம்; எழுதிக் கொடுத்துவிடலாம், அவர்களும் வாங்கிக் கேரளாவுக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள். பேப்பருக்குச் சொல்லலாம், நாளைய பேப்பரில் மாலை போட்ட எலும்பின் படம் வரும். இவளுக்குச் சொல்வதற்குத்தான் வாக்கியம் இல்லை.

தெருமுனையிலேயே வடை வாசனை வந்தது. வாசலில் ஒரே அடுப்பு எரிந்தது. இன்னொன்று சாம்பலோடு சுவரோரம் ஒதுங்கியிருந்தது. உள்ளே பாயில் ராஜாம்பாள் சப்பணமிட்டு உட்கார்ந்து, மருமகள் போட்ட இலையில் பாயசத்தை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவசரமாக, பல மாதப் பசி போல.

பாக்கியலட்சுமி செம்பில் தண்ணீரோடு வந்தாள். கனகாம்பரம் இன்னும் வாடவில்லை.

"வாங்கக்கா! அத்த அழுதிடிச்சி. என் கையப் புடிச்சிக்கினு, நானே கண்டபடி பேசிட்டேன்டின்னு..." கொளஞ்சியைப் பார்த்தாள். "இன்னாண்ணே, ஒண்ணும் பேசாம நிக்கறே?"

அவன் தலை குனிந்தான். அவள் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மெதுவாக ஷாஜாதி பக்கம் நகர்ந்தது.

ஷாஜாதி அவளை வீட்டுக்குப் பக்கவாட்டில், முருங்கை மரத்தடிக்கு அழைத்துப் போனார். சொன்னார். நாலே வாக்கியம். கொடியைப் பற்றிச் சொன்னபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது; மிச்சத்தைத் தலையாட்டியபடியே கேட்டாள். செம்பை இன்னும் கையில் பிடித்திருந்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"எந்த நாளுக்கா?"

"தை மாசம்தான். தேதி யாருக்கும் நினைவில்ல. படத்துல இருக்கற தேதி அவங்களா போட்டது."

"நாளு கூட இல்லியா" என்றாள். பிறகு, "கூட யாராச்சும் இருந்தாங்களா?"

"ஒருத்தர் இருந்தார். வாயில தண்ணி விட்டார். கொடியையும் அவர்தான் முறையா எடுத்தார்."

"என்னைக் கேட்டாரா?"

வாழ்நாள் முழுக்கப் பொய் பிடித்தே சாப்பிட்ட ஷாஜாதி, அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னார்: "இல்லம்மா. சேத்த அன்னிக்கே நினைவு போயிடுச்சாம். ஒண்ணும் தெரியாம தூக்கத்துலயே போயிட்டார்."

பாக்கியலட்சுமி அதை நம்பினாளா என்று தெரியவில்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு, முருங்கை மரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். மறு கை பூவைத் தொட்டது. பிய்க்கப் போகிறாள் என்று நினைத்து ஷாஜாதி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளேயிருந்து ராஜாம்பாளின் குரல் வந்தது. இலையை வழிக்கும் சத்தம் நின்றிருந்தது.

"யாரு பாக்கியம்? அந்தம்மா வந்துட்டாங்களா? என் புள்ளயப் பத்தி எதனா சேதியா?"

பாக்கியலட்சுமி பூவிலிருந்து கையை எடுத்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"இந்த ஒரு வேளையாச்சும் அத்த நிம்மதியா சாப்புடட்டும்க்கா. நீங்களும் உள்ள வந்து உக்காருங்க" என்று ஷாஜாதியிடம் சொல்லிவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள்.

"ஆமாத்தே. நல்லாத்தான் இருக்காராம். நீ வடையப் போட்டுக்க."